அறுத்த ஆறு அங்குலம்

போன மாதம் புத்தூரிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். தக்காளியும் மாங்காயும் ஏற்றிக்கொண்டு திருப்பதி மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவர். புது பிக்கப் வண்டி, சீட்டு மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டுமாம். செல்போனில் மூன்று படம் காட்டினார். ஒன்றில் இரட்டைக் குழாய் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்று பக்கவாட்டில் வருவது. மூன்றாவது கேபினுக்குப் பின்னாலிருந்து மாட்டுக்கொம்பு மாதிரி மேலே போவது.

"பெரியவரே, நீங்க இதே வேலையில இருந்தவருன்னு சொன்னாங்கோ. இதுல எது போட்டா சவுண்டு நல்லா இருக்கும்?" என்றார்.

சத்தத்தை அடக்கத்தான் அதற்கு சைலன்சர் என்றே பேர் வைத்தான் என்று சொல்ல வாயெடுத்து, வயசுக்கு மரியாதை கொடுத்து அடங்கிக்கொண்டேன். என் வயசுக்குத்தான். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். அவர் வரவில்லை, வேறு கடையில் மாட்டியிருப்பார். அவருக்குச் சொல்ல நினைத்தது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நகரிக்காரன். நைனா நெசவு. எனக்குத் தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்தால் அரைமணியில் இடுப்பு கழன்றுவிடும். பதினேழு வயதில் திருப்பதியில் ஒரு பஸ் ஷெட்டில் சேர்ந்தேன். மலை ஏறி இறங்கும் பஸ்களுக்கு கேஸ்கெட் மாற்றுவதும், வெடித்த புகைக்குழாய்க்கு ஒட்டு வைப்பதும்தான் மூன்று வருஷமும் வேலை. கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. அதற்குப் பிறகு சித்தூரில் நரசிம்மலு மேஸ்திரியின் பட்டறைக்கு வந்தேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, சித்தூர் ஜில்லா அதில் சேர்ந்துவிட்டிருந்த காலம் அது. எல்லை மட்டும் முடிவாகவில்லை. திருத்தணி எந்தப் பக்கம், நகரி எந்தப் பக்கம், சத்தியவேடு எந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை ஆளுக்கொரு கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் நகரி மெட்ராஸோடுதான் போக வேண்டும் என்பவர்கள். மேஸ்திரி தெலுங்குக்காரர். ஜில்லாவில் ஒரு பிடி மண்ணைக்கூட விடக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால் பட்டறைக்குள் எல்லைப் பேச்சே கூடாது என்று அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார். பேசினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். பேசினவன் அந்த வேலையைத் தனியாக முடிக்க வேண்டும்.

அவரைப் பற்றிப் பெரிதாகப் புகழ எனக்கு மனசு வராது. அவ்வளவு படுத்தினார். மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். அரைநாள் வேலைக்கு இரண்டு நாள் எடுப்பார். வண்டிக்காரர்கள் வாசலில் நின்று திட்டுவார்கள், காதில் விழாத மாதிரி இருப்பார். குரல் மட்டும் ஏறாது. புகைக்குழாய் மாட்டினால், குழாயின் வாயில் ஈரச் சாக்கை அடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார். குமிழி வந்தால் முழுவதையும் கழற்று. மூடின வண்டியாக இருந்தால் அதற்கு மேல் ஒன்று உண்டு. கார்புரேட்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு வெள்ளைப் புகை கிளப்புவார். தார்ப்பாயை இறுகக் கட்டி, உள்ளே அவரே ஏறி உட்காருவார். பலகையில் எந்த இடுக்கில் புகை வருகிறதோ அங்கே சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு, இருமிக்கொண்டே இறங்குவார்.

"மூக்குக்குத் தெரியிற புகை ஒன்னும் செய்யாது. மூக்குக்குத் தெரியாதது ஒன்னு அதுல கலந்து இருக்குது. அது தூக்கம் வர மாதிரிதான் வரும்" என்பார். தெலுங்கு வாடையோடு நல்ல தமிழ் பேசுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் வந்ததும் முதலில், குழாயைப் பிடித்து அறுக்கும் வைஸுக்குக் கீழே குனிந்து, முந்தின நாள் விழுந்த வெட்டுத் துண்டுகளைப் பார்ப்பார். யார் என்ன வேலை செய்தோம் என்று எங்களைக் கேட்பதில்லை.

எங்கள் அக்கா தனத்தின் புருஷன் ஏழுமலை மாமா ஒரு பழைய பிக்கப் வேன் வைத்திருந்தார். நூல் மூட்டை கொண்டுவந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பார், சேலைக் கட்டுகளைச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் கொண்டுபோவார். ஒருநாள் சாயங்காலம் அந்த வேன் வெடிச்சத்தம் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றது. சைலன்சர் பெட்டி நெட்டுக்குப் பிளந்திருந்தது. மேஸ்திரி சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தார், மறுநாள் காலையில்தான் வருவார்.

மாமா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "நாளைக்கு கலெக்டரண்ட மனு குடுக்கப் போறோம்டா. பதினோரு பேரு. உங்க அக்காவும் வரா, பொம்பளைங்களும் இருக்கணும்னு சொல்லிட்டாங்கோ. வழியில போலீஸ் மூங்கில கட்டிக்கினு நிக்கிது, சாமான் வண்டியில ஆளுங்க இருந்தா திருப்பி அனுப்பிடுறான். பின்னாடி ரெண்டு வரிசை நூல் மூட்ட அடுக்கி, அதுக்கு முன்னாடி ஆளுங்கள குந்த வச்சி, தார்ப்பாய கட்டிடுவேன். வண்டி சத்தமே போடக் கூடாது. இன்னைக்கே முடிச்சிக் குடு."

"மேஸ்திரி வரட்டும் மாமா."

"வந்து? ஆந்திராக்காரனண்ட சொல்லிட்டு, ஆந்திராவுக்கு எதிரா மனு குடுக்கப் போவணுமா?"

சரி என்று தலையாட்டினேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேஸ்திரி இல்லாமல் ஒரு வேலையை நானே முடிவு செய்யப்போகிறேன்.

மூன்று வழி இருந்தது. பழையபடி நீளப் பெட்டி போட்டு, குழாயைப் பின்னால் கொண்டுபோவது ஒன்று. அந்தப் பெட்டி கையில் இல்லை. தவிர, நகரியிலிருந்து வரும்போது இரண்டு இடத்தில் ஆற்றில் இறங்கி ஏற வேண்டும். பின்னால் தாழ்ந்து தொங்கும் குழாயில் தண்ணீர் ஏறிவிடும். கேபினுக்குப் பின்னால் மேலே ஏற்றுவது இரண்டாவது. சூட்டில் தார்ப்பாய் பற்றிக்கொள்ளும், உள்ளே நூல். மூன்றாவது, மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்ட டிஸ்போசல் சாமானில் வந்த ஒரு கட்டைப் பெட்டி மூலையில் கிடந்தது. அதை மாட்டி, பின் சக்கரத்துக்கு முன்னால் இடது பக்கமாகக் குழாயை வெளியே விடலாம். அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பக்கவாட்டில் விட்டால், வண்டியின் விளிம்பைத் தாண்டி நாலு அங்குலம் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் கணக்கு. அப்படியே மாட்டினேன்.

மாமா குனிந்து பார்த்தார். "இன்னாடா இது, இவ்ளோ தூரம் நீட்டிக்கினு? பஜார்ல மாட்டு வண்டி எல்லாத்துலயும் மாட்டும். ஏறுற பொம்பளைங்க கால் சுட்டுக்கும். அறு."

அறுத்தேன். வண்டியில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி, வைஸில் பிடித்து, ஆறு அங்குலம் அறுத்தேன். மறுபடி மாட்டினபோது அதன் வாய் பலகைக்கு அடியிலேயே, விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே நின்றது. பலகைகள் காய்ந்து, நடுவில் விரல் நுழையும் இடுக்கு விட்டிருந்ததையும் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி வரவில்லை. தார்ப்பாய் கட்டி உள்ளே உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. மாமா ஹாண்டில் போட்டுச் சுற்றினார், அந்த வண்டிக்கு ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் போனது. மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு மேஸ்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தார். பையைக் கூட வைக்காமல் வைஸுக்குக் கீழே குனிந்தார். அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது எந்த வண்டிது?"

"எங்க மாமா வேன் மேஸ்திரி. டிஸ்போசல் பெட்டி போட்டு, பக்கத்துல விட்டேன்."

"நீட்டி விட்டுட்டு அப்புறம் அறுத்தியா?"

"ஆமா மேஸ்திரி."

தரையில் சாக்கட்டியால் வண்டியின் அகலத்தைப் போட்டார், குழாயைப் போட்டார், அறுத்த இடத்தில் ஒரு குறுக்குக் கோடு இழுத்தார். "பலகைக்கு உள்ள நிக்கிது" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "பின்னாடி இன்னா ஏத்துறான்?"

வாய் தானாகச் சொன்னது: "நூல் மூட்டைதான் மேஸ்திரி."

"மூட்டைக்கு மூச்சு கிடையாது. சரி, சாயங்காலம் வரச் சொல்லு, மாத்திடலாம்" என்று அறுத்த துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் முகம் கழுவப் போனார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இந்நேரம் வேன் நகரியை விட்டுக் கிளம்பியிருக்கும். சொன்னால் மேஸ்திரி என்ன செய்வார்? போலீஸுக்குச் சொல்லிவிட்டால்? பதினோரு பேரையும் நானே காட்டிக்கொடுத்தவன் ஆவேன். ஊரில் தலை காட்ட முடியாது. சொல்லாவிட்டால்? காற்றடிக்கும், ஓடுகிற வண்டிதானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகுதான் அந்த மூங்கில் தடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. அங்கே வண்டி நிற்கும். மாமா எஞ்சினை நிறுத்த மாட்டார், நிறுத்தினால் மறுபடி இறங்கிச் சுற்ற வேண்டும். நின்ற வண்டியில், கட்டின தார்ப்பாய்க்குள், அக்கா.

மேஸ்திரி முகம் கழுவி, பல் தேய்த்து, டீ குடித்து முடிக்கிற வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. கால் மணி நேரம் இருக்கும். என் வாழ்க்கையில் எதை வேண்டுமானாலும் மன்னித்துக்கொள்வேன், அந்தக் கால் மணியை மன்னிக்க மாட்டேன்.

"மேஸ்திரி, மூட்டை இல்ல. ஆளுங்க."

"எத்தினி பேரு?"

"பதினோரு பேரு. தார்ப்பாய் கட்டி. நகரியில இருந்து இங்க வராங்க."

எதற்கு, யார் என்று ஒன்றுமே கேட்கவில்லை. துவாலையை உதறிப் போட்டுவிட்டுப் பட்டறை ஜீப்பில் ஏறினார். நான் ஏறுவதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது, ஓடித் தொற்றிக்கொண்டேன். புத்தூர் சாலையில் அந்த ஜீப் அவ்வளவு வேகம் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எதிரே வரும் ஒவ்வொரு வண்டியையும் அது மாமா வேனாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே போனேன். ஓடிக்கொண்டிருந்தால் நல்லது. நின்றுகொண்டிருக்கக் கூடாது.

நின்றுகொண்டுதான் இருந்தது. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ், இரண்டு மாட்டு வண்டி, அதற்குப் பின்னால் மாமா வேன். போலீஸ்காரர்கள் பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று மாட்டு வண்டிக்காரனைக் கேட்டேன். "பீடி ரெண்டு குடிச்சிட்டேன்" என்றான். வேனின் எஞ்சின் மெதுவாக, அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி ஜீப்பிலேயே உட்கார்ந்து, "நீ போயி சொல்லு. நான் சொன்னா அது வேற மாதிரி ஆவும்" என்றார்.

மாமா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "மாமா, எஞ்சின நிறுத்து. உள்ள புகை ஏறும்."

"போடா அந்தப் பக்கம். போலீஸ் பாக்குறான்."

"மாமா, உள்ள அக்கா இருக்கா."

"அவங்கல்லாம் நல்லாத்தான் குந்திக்கினு இருக்காங்கோ. ஒரு சத்தம் கேக்குதா பாரு. வாய மூடிக்கினு போ."

சத்தம் கேட்கவில்லைதான். தார்ப்பாய் ஓரமாகப் போய் இடது பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன். பதில் இல்லை. தடுப்பைத் தாண்டும் வரைக்கும் மூச்சுவிடக் கூடாது என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னபடி பேசாமல் இருக்கிறார்களா, பேச முடியாமல் இருக்கிறார்களா? மறுபடி தட்டினேன். பஸ்ஸிலிருந்து இறங்கின ஒரு போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். நான் கையை எடுத்துக்கொண்டேன். தார்ப்பாய்க் கயிறு என் முகத்துக்கு நேரே இருந்தது. இழுத்தால் போதும். ஊர், மனு, மாமா, நைனா என்று எல்லாம் மண்டைக்குள் வந்துபோனது. நான் இழுக்கவில்லை. மரம் மாதிரி நின்றேன்.

என் தோளைத் தள்ளிக்கொண்டு மேஸ்திரி போனார். பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரைப் பிடுங்கினார். எஞ்சின் செத்தது. அந்த அமைதியில் போலீஸ்காரர்களைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னார்: "லோபல மனுஷுலு உன்னாரு." உள்ளே மனுஷங்க இருக்காங்க. கத்தக்கூட இல்லை. சொல்லிக்கொண்டே இடுப்புக் கத்தியை எடுத்து, பக்கவாட்டுத் தார்ப்பாயை மேலிருந்து கீழே கிழித்தார்.

அக்காதான் முதலில் சரிந்தாள். இடது ஓரம், குழாய்க்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தாள். முகம் நல்ல சிவப்பாக, தூங்குகிறவள் மாதிரி இருந்தாள். போலீஸ்காரர்களும் பஸ்காரர்களும் மாட்டு வண்டிக்காரனும் சேர்ந்து ஒவ்வொருவராக இறக்கிப் புளியமரத்தடியில் போட்டோம். சில பேர் வாந்தி எடுத்தார்கள். சில பேர் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார்கள். கண்ணப்பன் என்கிற பெரிய நெசவுக்காரர் மட்டும் கண் திறக்கவில்லை. அவரை ஜீப்பில் போட்டு மேஸ்திரி சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். மூன்றாம் நாள் கண் விழித்தார், பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கை நடுக்கம் நிற்கவில்லை. அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட விரல் ஒத்துழைக்கவில்லை. நகரியில் அவரை மாதிரி கரை நெய்ய ஆள் கிடையாது என்பார்கள். அவர் தெருவில் வந்தால் நான் வேறு தெருவுக்குப் போய்விடுவேன்.

அக்கா அரைமணி கழித்துத் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "தட்டினது நீயா?" என்றாள்.

"ஆமாக்கா."

"கேட்டுச்சி. கைய தூக்க முடியல." "ஆத்தத் தாண்டினதுமே தலை சுத்துச்சிடா. மாமாவக் கூப்பிடலாமான்னு பாத்தேன். அப்புறம் நம்ம தம்பி போட்ட பைப்பு, ஒன்னும் ஆவாதுன்னு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறுத்தது, பொய் சொன்னது, கயிற்றை இழுக்காமல் நின்றது. கேட்டுவிட்டு, "மாமாவண்ட சொல்லாத. வீட்டுக்குள்ள பகை வேணாம்" என்றாள்.

மனு அன்றைக்குப் போய்ச் சேரவில்லை. எல்லோரையும் ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் எல்லை முடிவானபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. அந்த ஒரு மனுவால் அது மாறியிருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எங்கள் மாமாவைத் தவிர.

சம்பவம் நடந்து பத்து நாள் கழித்து மாமா பட்டறைக்கு வந்தார். வாசலில் நின்றே பேசினார். "போலீஸண்ட காட்டிக்குடுக்கத்தான மெனக்கெட்டு வண்டி எடுத்துக்கினு வந்த? ஆந்திராக்காரன் புத்திய காட்டிட்ட இல்ல? ஒரு ஒயரப் புடுங்கினா போதாது? ஊரக் கூட்டிச் சொல்லணுமா?"

மேஸ்திரி கையில் அரத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்றேன். அவர் ஒருமுறை என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை, சும்மா பார்த்தார். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்கு நாக்கு இருந்தது, சொல்ல விஷயமும் இருந்தது. நான் குனிந்து நட்டுகளைப் பொறுக்கினேன்.

"ஆமாய்யா, நான்தான் சொன்னேன்" என்றார் மேஸ்திரி.

மாமா காறித் துப்பிவிட்டுப் போனார். சாகிற வரைக்கும் அவர் அப்படித்தான் நம்பினார். நானும் அவருக்குச் சொல்லவில்லை. நகரியில் மேஸ்திரிக்குக் கெட்ட பேர். அங்கிருந்து வந்துகொண்டிருந்த நாலைந்து வண்டிகள் வராமல் நின்றுவிட்டன. அவருக்கு அது நஷ்டம்தான்.

அவரிடம் மேலும் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, கூலி குறைக்கவில்லை, வண்டிகளை நம்பிக் கொடுத்தார். ஒவ்வொரு வண்டி வரும்போதும், பின்னால் என்ன ஏற்றுகிறார்கள் என்று என்னைக் கேட்பார். விசாரித்துச் சொல்வேன். முழுவதும் கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார். பிறகு எழுந்து வெளியே போய், வண்டிக்காரனிடம் அதே கேள்வியைக் கேட்பார்.